பெல்ட்டைக் கழற்றாத வெர்லின்

வெர்லின் ஸ்டாம்பருக்குப் பாம்புக் காது என்று எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு பேச்சு உண்டு. ஏதோ ஒரு வண்டி ஓடை வளைவில் திரும்பும்போதே, தன் கொட்டகைக்குள் குனிந்து நின்றபடி, "மூணாவது சிலிண்டர்ல வால்வு தட்டுது. இன்னும் ஒரு வாரம்கூடத் தாங்காது" என்பார். வண்டிக்காரன் சிரித்துவிட்டுப் போவான். அடுத்த வாரம் அதே வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து நிற்பான். கென்டக்கி மலைகளில் நிலக்கரிச் சுரங்கம் ஒவ்வொன்றாக மூடிய காலத்தில், மனுசர் அந்தக் காதை வைத்துத்தான் சோறு சம்பாதித்தார்.

மற்ற மெக்கானிக்குகள் எதையும் கழற்றிப் பார்த்துத்தான் சொல்வார்கள். வெர்லின் கழற்ற மாட்டார். நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை இஞ்சினில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவார். சுற்றி நிற்கிறவர்கள் மூச்சுக்கூட விடாமல் நிற்பார்கள். பிறகு கண்ணைத் திறந்து ஒரே வார்த்தை சொல்வார். அவ்வளவுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அந்தக் காதைத்தான் அவர் கொஞ்சம் கொஞ்சமாகப் பறிகொடுத்திருந்தார். சுரங்கத்துக் கூரையில் துளை போடும் எந்திரத்தோடு இருபது வருஷம் கிடந்தவர். காதில் அடைப்பான் வைக்கச் சொன்னால், "அதெல்லாம் பொம்பளைங்க கம்மல் போடற எடம்" என்று அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். நல்லா சிரித்தார்கள்! இன்றைக்கு அந்த ஷிஃப்டில் வேலை பார்த்த ஒருத்தனுக்கும் பெண்டாட்டி கூப்பிடுவது கேட்பதில்லை.

வெர்லினுக்கு முதலில் போனது கீச்சுக் குரல்கள். குருவி, அடுப்பின் மணி, சின்னப் பிள்ளைகளின் பேச்சு. "அடுப்பு கத்திக் கத்தி ஓஞ்சு போச்சு, சோள ரொட்டி கருகிக் கெடக்கு, நீ பக்கத்துலயே உக்காந்திருக்க!" என்று மனைவி ஒலீட்டா சத்தம் போட்டால், "ஏதோ யோசனைல இருந்துட்டேன்" என்பார். பேச்சு காதில் விழாவிட்டால் தலையை ஆட்டுவார், ஒரு சிரிப்புச் சிரிப்பார், "அதானே!" என்பார். நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அது போதும். ஒருநாள் சர்ச் வாசலில் போதகர், "உங்க அம்மாவுக்கு இப்ப மூச்சுவிடக் கஷ்டமா இருக்காமே?" என்று கேட்டதற்கு அதே சிரிப்பைச் சிரித்து, "அதானே!" என்றார். ஒலீட்டா வீடு வரை பேசவே இல்லை. ஏன் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது.

ஆனால் "எனக்குக் காது கேட்கவில்லை" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் அவர் வாயிலிருந்து வாங்க முடியாது. அது வெளியே வந்துவிட்டால் அப்புறம் வெர்லின் ஸ்டாம்பர் என்று இந்த ஊரில் யார் மிச்சம் இருப்பார்?

ஒரே மகள் ரேலின். இருபத்தேழு வயது. வாரம் முழுக்க டவுனில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் இடத்தில் வேலை. சனிக்கிழமை பந்தயம். மலையடிவாரத்து ஓடுதளத்தில் மைலில் எட்டில் ஒரு பங்கு தூரம், நேர்கோட்டில் இரண்டு இரண்டு கார்களாக ஓட்டம். அப்பாவும் மகளும் சேர்ந்து துரு பிடித்த கூட்டிலிருந்து கட்டி எழுப்பிய நீல நிறக் கார் அவளுடையது. இஞ்சின் மேல் ஒரு சூப்பர்சார்ஜர். இஞ்சினிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுற்றும்; அது காற்றை இஞ்சினுக்குள் அடித்துத் திணிக்கும்; கார் பேய் பிடித்த மாதிரி பறக்கும். வேகம் ஏற ஏற அது ஊளையிடும். அந்த ஊளைதான் எங்கள் ஆட்களுக்கு உயிர். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஊளையை வைத்தே யார் கார் என்று சொல்வார்கள். சத்தம் கூடினால் பலம் கூடியதாக அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்.

அந்தக் கோடையில் ரேலின் தொடர்ந்து தோற்றாள். அதுவும் தாய்மாமன் டெல்பர்ட்டிடம். ஒலீட்டாவின் அண்ணனான டெல்பர்ட், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆளா? "மாப்ளே, என் மருமக நல்லாத்தான் ஓட்டுறா. உன் பெல்ட்டுதான் வழுக்குது. பேசாம பேண்ட்டுக்குப் போடற பெல்ட்ட எடுத்து மாட்டிப் பாரேன்!" பொரித்த பலோனி இறைச்சி வைத்த ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கூட்டம் மொத்தமும் சிரித்தது.

வெர்லினுக்குச் சுருக்கென்றது. மறுநாளே சூப்பர்சார்ஜரின் பெல்ட் சக்கரத்தை எடுத்துவிட்டு, இன்னும் வேகமாகச் சுற்றட்டும் என்று சின்னதாக ஒன்று மாட்டினார். பெல்ட்டை இழுத்து இறுக்கினார். விரலால் அமுக்கினால் கொஞ்சமாவது அமுங்கிக் கொடுக்க வேண்டும். அது இரும்புக் கம்பி மாதிரி நின்றது. அந்த இறுக்கம் முழுவதும் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் பேரிங்கின் தலையில்தான் விடியும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். மற்றவன் செய்திருந்தால் திட்டியிருப்பார்.

ரேலின் அடுத்த இரண்டு சனிக்கிழமையும் ஜெயித்தாள். ஊளை முன்னைவிட உச்சத்துக்கு ஏறியது. அடியில் ஒரு கரகரப்பும் சேர்ந்துகொண்டது. "ஸ்டாம்பர் பொண்ணு காரு இப்ப என்னமா கத்துது பாத்தியா!" என்று வேலியோரத்து ஆட்கள் வெர்லினின் முதுகில் தட்டினார்கள். அவருக்குக் கரகரப்பும் கேட்கவில்லை, ஊளையும் பாதிதான் கேட்டது. முதுகில் விழுந்த தட்டு மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மூன்றாவது வாரம் புதன்கிழமை சாயங்காலம் ரேலின் முற்றத்தில் காரைக் கிளப்பினாள். உடனே அணைத்துவிட்டு இறங்கினாள். அப்பாவுக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து, சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"அப்பா, முன்பக்கம் ஒரு சத்தம் வருது. டப்பால ஜல்லியப் போட்டுக் குலுக்குற மாதிரி இருக்கு."

டெல்பர்ட்டும் அன்று அங்கேதான் இருந்தார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தார். "நானும் கேட்டேன் மாப்ளே. பேரிங்கா இருக்கும்."

வெர்லின் ஸ்குரூ டிரைவரை எடுத்தார். "கெளப்பு." கார் ஓடியது. முனையைச் சூப்பர்சார்ஜரில் பேரிங் இருக்கும் முன்மூக்கில் ஊன்றி, கைப்பிடியை எலும்பில் வைத்துக் கண்ணை மூடினார். எலும்பில் ஒரு நடுக்கம் மட்டும் ஏறியது. அது இஞ்சினா, பேரிங்கா, தன் கையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணைத் திறக்கவே பயமாக இருந்தது. திறந்தபோது இரண்டு பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஒண்ணுமில்ல" என்றார். "சூப்பர்சார்ஜர்னா கத்தத்தான் செய்யும்."

டெல்பர்ட் எழுந்து வந்தார். அன்றைக்கு அவர் குரலில் கேலி இல்லை. "எதுக்கு மாப்ளே வம்பு? பெல்ட்டக் கழட்டிட்டுச் சக்கரத்தக் கையால ஒரு சுத்து சுத்திப் பாத்துருவோம். பத்து நிமிஷ வேலை. கெட்டுப்போயிருந்தா கையிலயே தெரிஞ்சுரும்."

உண்மைதான். பேரிங் நல்லதா கெட்டதா என்று பார்க்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. நேற்று ஸ்பேனர் பிடித்தவனும் அதைத்தான் செய்வான். ஆனால் முப்பது வருஷமாகப் பெல்ட்டைக் கழற்றாமல் சொன்ன மனுசர், மைத்துனன் கண் முன்னால் கழற்றுவதா?

"முப்பது வருஷமா இந்தக் காதுதான் சொல்லுது. இனிமே உன் கைதான் சொல்லணுமா மச்சான்? நீ உன் வண்டியப் பாரு போ."

ரேலின் அப்பாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். பிறகு காரின் மூடியை இறக்கினாள். "அப்பா சொன்னா சரிதான் மாமா. விடுங்க" என்றாள். சமையலறை ஜன்னலில் ஒலீட்டா தட்டும் துணியுமாக நின்றிருந்தாள். வெர்லின் திரும்பிப் பார்த்ததும் உள்ளே நகர்ந்துவிட்டாள்.

மறுநாள் மதியம், வீட்டில் யாரும் இல்லாத நேரம், அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு காரிடம் போனார். பெல்ட்டை இறுக்கும் போல்ட்டில் மாட்டியும்விட்டார். கழற்றி, சக்கரத்தைச் சுற்றி, அது கரகரவென்று கையில் உறுத்தினால்? நேற்று ரெண்டு பேர் கேட்டதைத் தான் கேட்கவில்லை என்றாகும். டெல்பர்ட்டுக்குத் தெரிந்தால் ஓடுதளத்துக்கே தெரியும். அட, யாருக்கும் சொல்லாமல் மாற்றித் தொலைத்திருக்கக் கூடாதா? அந்த யோசனையும் வந்தது. புது பேரிங் வெளியூரிலிருந்து வர வேண்டும், பந்தயத்தை விட வேண்டும், ஏன் என்று மகள் கேட்பாள். இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை தாங்கும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்பேனரை உருவிக்கொண்டு வந்துவிட்டார். படுபாவி மனுசன்.

சனிக்கிழமை வெயில் கொளுத்தியது. ரேலின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அப்பாவிடம் கட்டை விரலைக் காட்டினாள். கார் கோட்டுக்கு வந்து உறுமியது. அப்போதுதான் வெர்லின் அந்தக் கூட்டத்தின் முகங்களைப் பார்த்தார். வேலியோரத்தில் ஒருத்தன் முகத்தைச் சுளித்தான். ஒரு பெண் குழந்தையின் காதைப் பொத்தினாள். ஒருத்தரும் கைதட்டவில்லை. டெல்பர்ட் தன் வண்டியை விட்டு இறங்கி இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு கோட்டைப் பார்த்து ஓடி வந்தார். அவர் வாய் பெரிதாகத் திறந்து மூடியது. தன்னைத் தவிர எல்லோருக்கும் ஏதோ கேட்கிறது என்று வெர்லினுக்குப் புரிந்தது. அவர் கையைத் தூக்கும்போது பச்சை விளக்கு எரிந்துவிட்டது.

பாதி தூரத்துக்கு மேல் போனதும் பேரிங் இறுகிப்போய் நின்றுவிட்டது. ஆனால் இஞ்சின் நிற்கவில்லை. பெல்ட் அறுந்து, சாட்டை போலச் சுழன்று எண்ணெய்க் குழாயைப் பிய்த்தது. எண்ணெய் பாதி டயரில் விழுந்தது, பாதி சூட்டில் பழுத்துக் கிடந்த புகைக்குழாயில் விழுந்தது. கார் பக்கவாட்டுச் சுவரில் மோதி, தீப்பிடித்து, இன்னும் கொஞ்ச தூரம் போய் நின்றது. முதலில் போய்ச் சேர்ந்தவர் டெல்பர்ட்தான். வெறும் கையால் கதவை இழுத்தார்.

ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் இறக்குவதற்கு முன்னால் நர்ஸ் வெர்லினை உள்ளே விட்டாள். "அதுக்கப்புறம் பேச முடியாது. ஏதாவது பேசறதுன்னா இப்பவே பேசிருங்க" என்று அவள் சொன்னதே அவருக்குச் சைகையில்தான் பாதி புரிந்தது. ஒலீட்டா இன்னும் வந்து சேரவில்லை. ரேலினின் முகம் வீங்கியிருந்தது. உதடுகளுக்குமேல் பிராணவாயு மூடி இருந்ததால் வாயசைவும் தெரியவில்லை. புகை குடித்த தொண்டையிலிருந்து அவள் ஏதோ சொன்னாள்.

வெர்லின் குனிந்து தலையை ஆட்டினார். "ஆமாம்மா" என்றார்.

அவள் அவரையே பார்த்தாள். மறுபடியும் சொன்னாள், கொஞ்சம் நீளமாகவே சொன்னாள். அவர் மறுபடியும் தலையை ஆட்டினார். "சரிம்மா. சரி." நர்ஸ் அவர் தோளைத் தொட்டு வெளியே அனுப்பினாள். மறுநாள் விடிந்ததும் ரேலின் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்தது. அக்கம்பக்கத்தார் தட்டு தட்டாகச் சாப்பாடு கொண்டுவந்து அடுக்கினார்கள். யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. பந்தயம் என்றால் இப்படியும் நடக்கும் என்றார்கள். டெல்பர்ட் மட்டும் கையில் கட்டுடன் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். எரிந்த காரிலிருந்து கழற்றிய சூப்பர்சார்ஜரைக் கொட்டகை மேசையில் வைத்துவிட்டுப் போயிருந்தார்.

இலை உதிரும் காலத்தில் வெர்லின் யாரிடமும் சொல்லாமல் டவுனுக்குப் போய்க் காது கேட்கும் கருவி வாங்கி மாட்டிக்கொண்டார். மகள் சொன்னது இனிமேல் கேட்கப்போவதில்லை, அது அவருக்கும் தெரியும். இருந்தும் போனார். வீட்டு வாசலில் இறங்கியபோது காலடியில் சரளைக்கல் நொறுங்கும் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டார். எங்கோ ஒரு குருவி கத்தியது. நேராகக் கொட்டகைக்குப் போனார்.

சூப்பர்சார்ஜரின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பினார். இறுகிக் கிடந்தது மெல்ல அசைந்து கொடுத்தது. கறமுற, கறமுற என்று ஒரு சத்தம், பல்லைக் கடிக்கிற மாதிரி. இன்னொரு முறை திருப்பினார். வாசலில் நிழல் விழுந்தது. ஒலீட்டா நின்றிருந்தாள். அவர் காதில் இருந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அன்னிக்குப் புதன்கிழமை இப்படித்தான் சத்தம் வந்துச்சா?" என்று கேட்டார்.

"இதவிட அதிகமா. குழாயத் தொறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிட்டிருந்தேன். தண்ணி சத்தத்தையும் மீறி சமையல்கட்டு வரைக்கும் வந்துச்சு."

வெர்லின் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை. "அப்ப ஏன் ஒலீட்டா நீ சொல்லல?"

"சொல்லணும்னுதான் வெளிய கெளம்புனேன். அவதான் உள்ள வந்து என் கையப் புடிச்சு நிறுத்திட்டா." ஒலீட்டாவின் குரல் தாழ்ந்துதான் இருந்தது. "'வேணாம்மா. அப்பாவுக்குக் காது போயிருச்சுன்னு மாமாவுக்குத் தெரிஞ்சுரும். அப்புறம் அவரு ஓடுதளத்துப் பக்கமே தலைகாட்ட மாட்டாரு. இந்தச் சனிக்கிழமை மட்டும் ஓட்டிர்றேன், பொறவு நானே கழட்டிப் பாத்துக்கறேன்'னு சொன்னா."

ஒரு சொல்கூட விடாமல் எல்லாம் அவருக்குத் தெளிவாகக் கேட்டது.