கம்ப்யூட்டருக்கு ஒரு லைன் கிளியர்

சென்னையில் ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே குழாய்ப் பாதைகளை முப்பரிமாணத்தில் வரைந்து தரும் வேலை கிடைத்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். "சொந்தமா நல்ல கம்ப்யூட்டர் இருக்கா?" என்று நேர்முகத்தில் கேட்டார்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். உண்மையில் இருந்தது கல்லூரிக் கால லேப்டாப். பெரிய வரைபடத்தைத் திறந்தால் அதன் விசிறி அலறும், பிறகு திரை அப்படியே நின்றுவிடும்.

எனவே பட்டியல் போட்டேன். இடப்பக்கம், பக்கத்து ஊரான மந்தாரக்குப்பத்தில் ஒரு கடையில் கிடைக்கும் ரெடிமேட் டெஸ்க்டாப். வலப்பக்கம், பாகம் பாகமாக வரவழைத்து நானே மாட்டுவது. மொத்தம் பதினோரு வரிகள். ஒன்பதில் வலப்பக்கம் ஜெயித்தது. அனல்மின் நிலையத்தில் மின் பராமரிப்பில் இருக்கும் அப்பா, பேனாவை வாங்கிப் பன்னிரண்டாவதாக ஒன்று சேர்த்தார்: 'ரிப்பேர் ஆனால் யாரைக் கூப்பிடுவது?'

"ரெடிமேட்னா ஒரே நம்பர்மா. அடிச்சா ஆளு வருவான்."

"நம்ம ஊரு நிலக்கரி மைன்ஸ்ல நிக்கிற மெஷினெல்லாம் ரெடிமேடாவா வந்துச்சு? துண்டு துண்டா வந்து இங்கதானப்பா மாட்டுனாங்க?"

"மாட்டுனாங்க. கூடவே எக்ஸ்பர்ட்டு மாசக்கணக்குல குந்திகினு இருந்தான். உனக்கு யாரு குந்துவா?"

"குந்துறதுக்கு நீங்க இருக்கீங்களே," என்றார் அம்மா, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

கடைசியில் ஒரு உடன்பாடு. ஞாயிறு மாலை ஆறு மணிக்குள் நான் மாட்டியது ஓட வேண்டும். ஓடாவிட்டால் எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டு மந்தாரக்குப்பம் போய் ரெடிமேட் வாங்குவது. கடை எட்டு மணி வரை திறந்திருக்கும் என்பதையும் அப்பா விசாரித்து வைத்திருந்தார்.

ஞாயிறு காலை ஹாலில் பெட்டிகளைப் பிரித்தேன். மதியம் மூன்றரைக்குக் கடைசி ஸ்க்ரூவை முடுக்கி சுவிட்சைத் தட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியின் விளக்கு எரியவில்லை, உள்ளே விசிறி அசையவில்லை.

நான் பதறுகிறவள் இல்லை. பதறினால் பட்டியல் போடுவேன். இம்முறை பதினான்கு வரிகள். மெமரியைக் கழற்றி மாட்டினேன். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் செருகினேன். இரண்டு முறை முழுதாகப் பிரித்துச் சேர்த்தேன். பதினான்காவது வரி 'மதர்போர்டு போய்விட்டது'. அது உண்மையென்றால் காலையில் மந்தாரக்குப்பம் ரெடிமேடோடுதான் வேலையில் சேர வேண்டும்.

இதற்கிடையே அப்பா அறையிலிருந்து மூன்று முறை வந்து எட்டிப் பார்த்தார், தொண்டையைக் கனைத்தார், போய்விட்டார். தன் வெற்றியை ரசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"எதுக்கு இப்பிடி எட்டி எட்டிப் பாத்துகினு இருக்கீங்க?" என்று அம்மா கேட்டது என் காதில் விழுந்தது.

"அவதான வந்து சொல்லணும்?"

ஐந்து நாற்பதுக்கு நானே போய் நின்றேன். "என் வேலை முடிஞ்சுதுப்பா. ஓடல. ஸ்கூட்டர் சாவிய எடுங்க."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "முடிஞ்சுதா? ஆளு, டூல்ஸ் எல்லாம் கிளியரா?"

"என்னது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுமா."

"கிளியர்."

சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைப் பீங்கான் ஃபியூஸை எடுத்தார். ஹால் பவர் பிளக்கின் ஃபியூஸ்.

அவர்கள் நிலையத்தில் ஒரு மோட்டாரைத் தொடுவதற்கு முன் அதன் ஃபியூஸைப் பிடுங்கி ஒருவர் வைத்துக்கொள்வார். அதற்கு லைன் கிளியர் என்று பெயர். வேலை செய்தவரே நேரில் வந்து 'முடிந்தது' என்று சொல்லாமல் யார் வந்து கேட்டாலும் சப்ளை கிடையாது. காலையில் நான் ஸ்க்ரூடிரைவரை எடுத்ததும் அப்பா முறைப்படி பிடுங்கிவிட்டார். விளக்கும் ஃபேனும் வேறு லைன் என்பதால் அவை பாட்டுக்கு ஓடின.

"சொல்லக் கூடாதாப்பா?"

"சொன்னேனே! காதுல பாட்ட மாட்டிகினு தலைய ஆட்டுன."

"ரெண்டு மணி நேரமா நான் அழாத குறையா நிக்கிறேன்..."

"நீ லைன் கிளியரத் திருப்பிக் குடுக்காம நானா எப்படிமா லைன சார்ஜ் பண்றது? ஆள் போயிடும்!"

என் பட்டியலை மறுபடி பார்த்தேன். பதினான்கு வரிகளில் 'கரண்ட் இருக்கிறதா' என்ற வரி இல்லை. வேறு எந்த ஊர்க்காரி எழுதியிருந்தாலும் அதுதான் முதல் வரியாக இருந்திருக்கும். கரண்டைத் தயாரித்து வெளியூருக்கு அனுப்பும் ஊரில் பிறந்தவளுக்கு அது தோன்றவே இல்லை.

ஃபியூஸ் ஏறியது. ஐந்து ஐம்பதுக்கு விசிறி சுற்றியது, திரை வெளிச்சமானது.

"அப்ப கடைக்குப் போகலையா?" என்றார் அம்மா. "நான் பொடவ மாத்திட்டேனே."

திங்கள் காலை முதல் வீடியோ மீட்டிங். பெரிய வரைபடம் தயங்காமல் திறந்தது. மேனேஜர் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தபோது என் தோளுக்கு மேல் அப்பாவின் தலை வந்தது. கையில் புது நோட்டு, நிலையத்தில் மெஷின்களுக்கு மணிக்கு மணி ரீடிங் எழுதுவது போலக் கோடு போட்ட கட்டங்கள்.

"மெஷின் டெம்பரேச்சர் எவ்ளோமா?"

"அம்பத்திரண்டு," என்றேன் உதட்டை அசைக்காமல்.

மணியையும் சேர்த்து எழுதி, கையெழுத்துப் போட்டார். பிறகு கேமராவைப் பார்த்து, "அடுத்த ரீடிங் பதினோரு மணிக்கு," என்றார். மேனேஜர் சரி என்று தலையாட்டினார்.