எக்ஸ்ரே ரூமுக்கு நான் போன காரியம்

என் தங்கச்சி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து முதல் வருஷம்கூட முடியவில்லை. அதற்குள் ஒருநாள் சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நான் எக்ஸ்ரேக்குத்தான்க்கா போகப்போறேன்" என்றாள். எனக்குப் பக்கென்றது. எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். அவள் சிரித்தாள். டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு மேலே ஒரு படிப்பு இருக்கிறதாம், எக்ஸ்ரே படத்தைப் பார்த்து நோயைச் சொல்கிற படிப்பு. இடங்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், கேட்பவர்களோ ஏராளம். இப்போதிருந்தே மார்க்கைச் சேர்த்துக்கொண்டு வந்தால்தான் உண்டு, நடுவில் ஒரு பேப்பர் போனாலும் எட்டாது என்றாள்.

அப்போது அவள் பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டில் தங்கித்தான் படித்தாள். நான் ஏழாவதோடு நின்றவள். முன்னறையில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தேன். அவள் எலும்புகளைத் துணிப்பையில் கொண்டுவந்து, கட்டிலில் பரப்பிவைத்து, மேடும் பள்ளமும் தடவித் தடவிப் பேர் சொல்லிப் படிப்பாள். அளவு கொடுக்க வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாதே என்று நான் கதவைச் சாத்திக்கொண்டே இருப்பேன். சாயங்காலம் வகுப்பு முடிந்தாலும் நேரே வீட்டுக்கு வரமாட்டாள். எக்ஸ்ரே டிபார்ட்மெண்டில் பெரிய டாக்டர் விளக்குப் பெட்டியில் படத்தை மாட்டிப் பார்க்கும்போது பின்னால் நின்று பார்த்துவிட்டுத்தான் வருவாள். "யாரும் வரச் சொல்லல. போகச் சொல்லவும் இல்ல" என்பாள்.

நாலைந்து வருஷம் கழித்து வரப்போகிற படிப்புக்கு அவள் அப்போதே தயாரானாள். அதற்கும் பிறகு வரப்போவதை நினைத்து நான் கவலைப்பட்டேன். என் சுபாவம் அது. ஜாக்கெட் வாங்க வந்த ஒரு அம்மா பேச்சுவாக்கில், "அந்த வெளிச்சம் மேல பட்டா வயித்துல புழு பூச்சி தங்காதாம்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் ஊர் எழுமலையிலிருந்து அப்பா வந்தபோது அவரும் அதையேதான் ஆரம்பித்தார். "பொம்பளப் பிள்ள டாக்டருக்குப் படிச்சா பிரசவம் பாக்கணும். படத்தப் பாத்துச் சொல்றதுக்கா இம்புட்டுப் படிப்பு? வெளிச்சம் வேற ஆகாதுங்கறாக. நாளைக்கு எவன் கட்டுவான்? நீ சொல்லுத்தா அவகிட்ட. நாஞ் சொன்னா மொறைப்பா."

சொல்வதற்கு முன்னால் எனக்கு உறுதியாகத் தெரிய வேண்டியிருந்தது. தங்கச்சியைக் கேட்டால், சுவரில் ஈயம் வைத்திருக்கிறார்கள், சட்டையில் ஒரு பட்டை குத்தியிருப்பார்கள், எவ்வளவு வெளிச்சம் பட்டது என்று அது காட்டிக்கொடுத்துவிடும் என்று என்னென்னவோ சொன்னாள். சுவரையும் பட்டையையும் நான் என்ன கண்டேன்? அவள் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து ஒருநாள் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன்.

எக்ஸ்ரே எடுக்கிறவர் ஒரு அம்மா. என் முறை வந்ததும், "சீட்டு எங்க?" என்றார்.

"சீட்டு இல்லங்க. ஒண்ணு கேக்கணும். ஒங்களுக்குப் பிள்ளைக இருக்கா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு இருக்கு. மூணும் அடங்காததுக. வேணும்னா ஒண்ணக் கூட்டிட்டுப் போங்க."

கையில் கட்டோடு நின்ற ஒரு பெரியவர் சிரித்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் வந்த காரியத்தை விட முடியுமா?

"இந்த வேலைக்கு வந்த பெறகு பொறந்ததுகளா, முன்னாடியா?"

"மூத்தவ முன்னாடி. மத்த ரெண்டும் பின்னாடி."

"நல்லா இருக்குதுகளா?"

"நேத்து பக்கத்து வீட்டு ஓட்ட ஒடச்சிட்டு வந்து நிக்கிறான் சின்னவன். அம்புட்டு நல்லா இருக்கான். யாருக்குக் கேக்குறீங்க?"

"தங்கச்சிக்கு. இங்கதான் படிக்கிறா."

"சாயங்காலம் டாக்டருக்குப் பின்னாடி வந்து நிக்குமே, ஒல்லியா, அதுவா? படத்தப் பாக்கையில நாம கூப்பிட்டாக்கூட அதுக்குக் காதுல விழாது" என்றார். பிறகு அந்தப் பெரியவரை உள்ளே கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே காளவாசலில் பஸ் ஏறி எழுமலைக்குப் போனேன். அப்பா களத்தில் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார். நானும் ஒரு பிடி செடியை இழுத்துப் போட்டுக்கொண்டு, எக்ஸ்ரே அம்மாவைப் பற்றியும் ஓடு உடைத்த பையனைப் பற்றியும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"சரித்தா, பிள்ள பொறக்கும். ஒத்துக்கிறேன். இதப் படிச்சா எழுமலையில ஒக்காந்து வைத்தியம் பாக்க முடியுமா?"

"அதுக்குப் பெரிய மிஷின் வேணும்ப்பா. டவுன்லதான் இருக்கும்."

"அப்ப வரமாட்டா."

கேட்கக்கூடியதற்கெல்லாம் பதில் சேர்த்துக்கொண்டு போனவள் நான். இது எனக்குத் தோன்றவே இல்லை. வெளிச்சம், கல்யாணம் எல்லாம் அவர் மேலுக்குச் சொன்னவை. ஊரில் ஒருத்திக்கு வலி எடுத்தால் உசிலம்பட்டிக்கு வண்டி தேடி அலைய வேண்டியிருந்த காலம். எம் மக வந்துருவா என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

"வேணாம்னு சொல்லிப் பாக்கவாப்பா?"

அவர் செடியை உதறி மண்ணைத் தட்டினார். "நீ என்ன நெனைக்கிற?"

எந்த விஷயத்திலும் அவர் என்னை அப்படிக் கேட்டதில்லை. "ஆசப்பட்டதப் படிக்கட்டும்ப்பா" என்றேன். சொல்லிவிட்டுப் பயந்தேன். அவர் அடுத்த செடியை இழுத்துக் கடலை ஆயத் தொடங்கினார்.

வீடு திரும்பி, நடந்தது அத்தனையும் தங்கச்சியிடம் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டதற்குத் தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கேட்ட கடைசிக் கேள்வியைச் சொன்னதும் கையிலிருந்த எலும்பைக் கீழே வைத்தாள்.

"அத நான் யோசிக்காம இல்லக்கா. யோசிச்சிட்டுத்தான் ஒங்கிட்டச் சொன்னேன்."

எனக்கு இரண்டு பக்கமும் கவலையாகிவிட்டது. இடம் கிடைக்காவிட்டால் இவள் தாங்கமாட்டாள், கிடைத்தால் அவர் தாங்கமாட்டார்.

சில வருஷம் கழித்துக் கிடைத்தது, சென்னையில். பஸ் ஏற்றிவிட அப்பாவும் வந்திருந்தார். பஸ் கிளம்பிப் போன பிறகு, ஊரில் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன்.

"இன்னும் படிக்கிறான்னு சொல்லுவேன்" என்றார். "எம்புட்டு நாளைக்குத்தான் கேப்பாக."