பெட்டியருகே நிற்க வேண்டிய பிள்ளை

நெய்யாற்றின்கரை பேருந்து நிலையத்தில் நின்றபோது லில்லி அக்கா போனில் அழைத்தார்.

"ஷீலாக்காக்கு இத்திரி சுகமில்ல கேட்டியா. சீக்கிரம் வா."

குரலிலேயே தெரிந்துவிட்டது. ஷீலாக்கா இறந்துவிட்டார். அந்தச் சொல்லைத்தான் லில்லி அக்காவால் சொல்ல முடியவில்லை. எந்தப் பொய்யோடு ஷீலாக்கா மல்லுக்கட்டினாரோ, அதே பொய்யாக அவருடைய சாவு என்னிடம் வந்தது.

சனிக்கிழமைதோறும் சர்ச் கூடத்தில் அவரோடு வட்டமாக உட்கார்ந்தவர்களே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

பாறசாலையில் பள்ளிச் சீருடை தைத்தவர் ஷீலாக்கா. அம்மையோ அப்பனோ இறந்த பிள்ளைகளையும் அவர்களை வளர்ப்பவர்களையும் ஓரிடத்தில் உட்கார வைத்தார். பிரசங்கம் கிடையாது. புதிதாக வரும் பிள்ளையிடம் இன்னொரு பிள்ளைதான் முதலில் கேட்கும்: "உனக்க வீட்டில ஆரு செத்தது?" பெரியவர்கள் பதறுவோம். அந்தப் பிள்ளை பதறாது. என் அப்பா இறந்த வருடம் தங்கையை அங்கே கூட்டிப்போனேன். அது வரை யாரும் அவளிடம் அதைக் கேட்டிருக்கவில்லை.

ஒருநாள், அப்பா இறந்த ஒரு சிறுமி ஷீலாக்காவிடம் கேட்டாள்: "மாமி, பெட்டிக்குள்ள ஃபேன் உண்டா?"

"இல்ல மக்கா. அப்பாக்கு இனி வேர்க்காது."

"எங்க அப்பன் பெட்டில ஃபேன் இருந்தாலும் போடமாட்டாரு, கரண்டு பில்லு கூடும்" என்றாள் பக்கத்தில் இருந்தவள். கூடமே சிரித்தது. ஷீலாக்காதான் அதிகம் சிரித்தார்.

அவரிடம் ஒரு படம் இருந்தது. நம் வீடுகளில் எல்லாம் எடுப்பதுதான்: சவப்பெட்டியைச் சுற்றிக் குடும்பம் நிற்கும் படம். பெட்டிக்குள் அவருடைய அம்மை. "இதில நான் எங்க?" என்று கேட்பார். ஆஸ்பத்திரிக்குப் போன அம்மை வந்துவிடுவாள் என்று சொல்லி அவரை அம்பூரியில் அத்தை வீட்டில் விட்டிருந்தார்கள். சிறு பிள்ளை. வழியையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"பஞ்சு செத்தவங்களுக்கு வைக்கதாக்கும். பிள்ளையளுக்க காதில வைக்கண்டாம்" என்பார்.

இதைக் கேட்டு நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள்.

ஷீலாக்காவின் சாவு வீட்டில் நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். ஜெனி இல்லை. ஷீலாக்காவின் மகள், எட்டு வயது. பக்கத்து வீட்டில் பிஸ்கட்டும் கார்ட்டூனும் கொடுத்து உட்கார வைத்திருந்தீர்கள். அம்மை ஆஸ்பத்திரியில் என்று சொன்னது ஷீலாக்காவின் அண்ணன். அவர் ஒருநாளும் கூட்டத்துக்கு வந்ததில்லை, அவரை விட்டுவிடலாம். அதைப் பிள்ளையிடம் திருப்பிச் சொன்னவர்கள் நீங்கள். வட்டத்தில் உட்கார்ந்த நீங்கள்.

பெட்டியை மூடப்போகும் நேரம். படம் எடுப்பவர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொன்னார்.

"ஜெனியக் கூட்டிட்டு வாறேன்" என்றேன்.

"பிள்ளை பேடிக்கும், ராத்திரி பயந்து அழும். நாலு புக்கு படிச்சா போதாது, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்றார் அண்ணன்.

"ஷீலாக்காக்குத் தெரியும்."

நம் வட்டத்து லில்லி அக்கா தரையைப் பார்த்தார். நான் போனேன்.

ஜெனி தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அம்மைக்கு எப்படி உண்டு?"

"அம்மை செத்துப்போனா மக்கா."

"தெரியும். மைக்கில சாவுப் பாட்டு கேட்டுது."

"பின்ன எதுக்குக் கேட்ட?"

"நீங்களும் பொய் சொல்லுவீங்களான்னு பாத்தேன்."

எழுந்து என் கையைப் பிடித்தாள்.

அந்தப் படத்தில் ஜெனி இருக்கிறாள். எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். அவள் மட்டும் அம்மையின் முகத்தைப் பார்க்கிறாள்.

ஷீலாக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய கோபத்தைத்தான். அதை ஆறவிட மாட்டேன். இனி எந்தப் பிள்ளையிடமும் 'செத்துப்போனார்' என்ற சொல்லை விழுங்க மாட்டேன்.

இந்தச் சனிக்கிழமை கூடத்தைத் திறக்கிறேன். ஜெனி வருவாள், வட்டத்தில் உட்காருவாள். நீங்களும் வாருங்கள், அவள் முகத்தைப் பார்த்து உட்காருங்கள். ஏன் பொய் சொன்னீர்கள் என்று அவள் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது நான் அல்ல.