கண்ணாடி பீரோவில் பதினான்கு சனிக்கிழமை

பொங்கல் விடுமுறை முடிந்த முதல் சனிக்கிழமை, விழுப்புரத்திலிருந்து பெருமுக்கல் பக்கத்து ஊர் ஒன்றின் நூலகத்துக்குப் போய்வந்தேன். நூலகங்களில் குழந்தைகளுக்கு ரோபோ பட்டறை நடத்தும் எண்ணம் உங்களுக்கு இருந்தால் இதைப் படியுங்கள். நான் செய்ததை நீங்கள் செய்யாமல் இருந்தால் போதும்.

நான் ப்ளஸ் டூ. காலாண்டு விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் அங்கே மூன்று நாள் பட்டறை நடத்தினோம். அட்டை, மோட்டார், பாட்டில் மூடி, ஒரு சின்ன விளக்கு, இரண்டு பேட்டரி. சுவர் வந்தால் தானாகத் திரும்பும் வண்டிகள் ஆறு தயாராயின. கடைசி நாள் வரிசையாக நிறுத்தி, போட்டோ எடுத்து, அப்படியே நூலகரிடம் கொடுத்தோம். 'அப்படியே' என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

போன வியாழக்கிழமை நூலகர் சார் போன் செய்தார். "சந்தியான்னு ஒரு பொண்ணு, ஞாபகம் இருக்குதா? திங்கக்கிழமை அப்பா அம்மாவோட செங்கல் சூளைக்குப் போவுது. ஆறு மாசம் வராது. அதுக்குள்ள அது செஞ்ச வண்டிய ஒரு தபா ஓட்டிக் காட்டிடும்மா."

காலை 7.10-க்கு விழுப்புரத்தில் பஸ். திண்டிவனம் வரை 38 கிலோமீட்டர், முப்பது ரூபாய். ஜன்னல் சீட்டு கிடைத்தது, ஜன்னலுக்குத்தான் கண்ணாடி கிடைக்கவில்லை. 8.20-க்கு திண்டிவனம். அங்கிருந்து டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இறங்கிய இடத்திலிருந்து நூலகம் இரண்டு கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய்.

"பையில என்னாம்மா, இவ்ளோ ஒயரு?" என்றார் ஆட்டோக்காரர்.

"ரோபோ வண்டிண்ணா."

"ஆட்டோவ ஓட்டுமா?"

"ஓட்டும்ணா. ஆனா சில்லறை இல்லன்னு சொல்லத் தெரியாது."

"அப்ப என் பொழப்புக்குப் பிரச்சினை இல்ல," என்று சிரித்தார். அன்று நான் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

நூலகம் ஒற்றை அறை. காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறந்திருக்கும். சந்தியா வாசலிலேயே நின்றிருந்தாள். ஆறாம் வகுப்பு. தலையில் பொங்கலுக்கு வாங்கிய ரிப்பன். "வந்துட்டீங்களாக்கா! குட்டிமணி ரெடியா இருக்குது," என்றாள். குட்டிமணி, அவள் வண்டியின் பெயர்.

ஆறு வண்டிகளும் கண்ணாடி பீரோவுக்குள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இருப்புப் பதிவேட்டில் எண். அட்டை மேல் நூலகத்தின் வட்ட முத்திரை. குட்டிமணிக்குச் சக்கரத்திலும் ஒரு முத்திரை விழுந்திருந்தது. சார் பூட்டைத் திறந்தார். நான் பேட்டரி மூடியைக் கழற்றினேன்.

உள்ளே வெள்ளை உப்பு பூத்திருந்தது. பேட்டரி கசிந்து, சுருள் கம்பி பச்சையாகி, தொட்டதும் ஒடிந்தது. மற்ற ஐந்தும் அப்படியே. நாங்கள்தான் பேட்டரியோடு கொடுத்துவிட்டுப் போனோம். போட்டோவில் விளக்கு எரிய வேண்டுமே!

டீக்கடைக்கு ஓடி எலுமிச்சம்பழம் வாங்கித் தேய்த்தேன். புது பேட்டரி போட்டேன். பிஸ்கட் பாக்கெட் உறையை மடித்துக் கம்பிக்குப் பதிலாக வைத்தேன். ஒயர் மோட்டாருக்குள்ளேயே அரித்துப் போயிருந்தது. என்னிடம் மாற்று மோட்டார் இல்லை; பையிலிருந்த வண்டியின் மோட்டார் இதற்குப் பொருந்தாத பெரிய அளவு. மணி பதினொன்றரை.

"நடுவுல ஒரு தடவகூட ஓட்டிப் பாக்கலையா சார்?" என்று கேட்டேன். கேட்ட தொனியில் பழியை அவர் தலையில் போடும் நினைப்பு இருந்தது.

"நான் பல தபா சாவிய எடுத்தேம்மா. இந்தப் பொண்ணுதான் வாணாம் வாணாம்னு தடுத்துக்கினு இருந்துது."

சந்தியா என்னைப் பார்த்தாள். "நீங்கதானேக்கா சொன்னீங்க? அது தூங்கும், நடுவுல எழுப்புனா செஞ்சவங்கள மறந்துடும்னு. நான் எழுப்பவே இல்லக்கா. கண்ணாடி வழியாதான் பாத்துக்கினு இருந்தேன்."

சொன்னேன். கடைசி நாள் குழந்தைகள் வீட்டுக்குப் போக மறுத்தார்கள்; விரட்டுவதற்காக, முகத்தை சீரியஸாக வைத்துக்கொண்டு அடித்துவிட்ட ஜோக். எல்லோரும் சிரித்தார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அது பொய் சந்தியா. சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"ஓ," என்றாள். குட்டிமணியின் சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப எழுப்பியிருந்தா ஓடியிருக்குமாக்கா?"

"ஓடியிருக்கும்."

என் பையிலிருந்த வண்டியை நீட்டினேன். நன்றாக ஓடும் வண்டி. "அது உங்களுதுக்கா," என்றாள். குட்டிமணியை எடுத்து, பழைய இடத்திலேயே, பழைய திசையிலேயே வைத்தாள். "பூட்டிடுங்க சார்."

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கிளம்பும் முன் பேட்டரியைக் கழற்றித் தனியாகக் கொடுங்கள். குறைந்தது இரண்டு மாற்று மோட்டார் வைத்துவிட்டு வாருங்கள். வாரத்துக்கு ஒருநாள் வண்டியை எடுத்து ஓட்டும் பொறுப்பை அந்த ஊர்ப் பிள்ளை ஒருவருக்கே கொடுங்கள். உடைந்தால் உடையட்டும் என்று நூலகரிடம் எழுதியே கொடுங்கள். மூன்று நாள் பட்டறை நடத்துவது சுலபம், நான்காவது நாளை யோசித்துவிட்டுப் போங்கள். திரும்பும் டவுன் பஸ் மதியம் 12.40-க்கு, அதைவிட்டால் மூன்று மணிக்குத்தான்.

ஜோக் அடிக்காதீர்கள் என்று சொல்லமாட்டேன், எனக்கே அது முடியாது. ஆனால் அது ஜோக் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

வெளியே வரும்போது, வாசகர்கள் கையெழுத்துப் போடும் நோட்டைப் புரட்டினேன். பட்டறைக்குப் பிறகு வந்த பதினான்கு சனிக்கிழமையும் சந்தியா வந்திருக்கிறாள். 'படித்த புத்தகம்' என்ற கட்டத்தில் பதினான்கு முறையும் ஒரே வரி: 'குட்டிமணி தூங்குது'. அன்றைய தேதியில் பெயர் மட்டும் இருந்தது. கட்டம் காலி.