தோளுக்கு எட்டாத பலகை

காமில் மவுத்தாகிவிட்டான் என்று சொன்னபோது நஸார் வலைக்கு ஈயம் கட்டிக்கொண்டிருந்தார். கட்டி முடித்துவிட்டுத்தான் எழும்பினார்.

"முப்பது வருசக் கூட்டாளி. ஒரு சொட்டுக் கண்ணீரும் வரயில்லையே. நீங்க என்ன மனுசன்?" என்று மனைவி நசீறா கேட்டாள்.

அதுதான் அவருக்கும் விளங்கவில்லை. நெஞ்சு மரத்துப் போய்க் கிடந்தது. அடக்கம் முடிவதற்குள் அவனுக்காக எதையாவது உணர்ந்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது.

சிலாவத்துறையில் நெட்டைக் காமிலையும் குட்டை நஸாரையும் தெரியாதவர் இல்லை. இடம்பெயர்ந்து புத்தளத்து முகாமில் கிடந்த நாளில், யாரோ வாடகைக்கு எடுத்து வந்த வீடியோ டெக்கில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓடின. பேச்சே இல்லாத படங்கள். இரண்டு பேர் பலகை தூக்கி வருவார்கள். ஒருவன் திரும்புவான், மற்றவன் மண்டையில் அடி விழும். விழும் என்று முன்பே தெரிந்தாலும் முகாமே வயிறு நோகச் சிரிக்கும். இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிற பெரிய மனிதர்கள், ஒருமுறை வீடு வாசலை இழந்து பார்க்கட்டும். விழுந்தவன் தூசியைத் தட்டிக்கொண்டு எழும்புவதில் எவ்வளவு ஆறுதல் என்று அப்போது தெரியும்.

அதைப் பார்த்து இவர்களும் ஒரு பகிடிக் கூத்துக் கட்டினார்கள். நெட்டைக் காமிலின் தோளில் நீளப் பலகை. பின்னால் வரும் நஸாரின் தோளுக்கு அது எட்டாது. எட்டாத பலகையின் கீழ் கையைத் தூக்கி, முக்கி முனகி, வியர்வை துடைத்து நடப்பார். கடைசியில் காமில் முழங்காலை மடிப்பான். பாரம் வந்து இறங்கும், நஸார் பொத்தென்று விழுவார். ஊருக்குத் திரும்பிய பிறகும் கலியாண வீடுகளில் இதையே கேட்டார்கள்.

ஜனாஸா ஊர்வலம் வெளிக்கிட்டது. அடக்கும் மையவாடி வரை ஊரே மாறி மாறி, காமிலைக் கிடத்திய சந்தூக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்தது.

"நஸார் காக்கா, உங்களுக்கு எட்டாது. பின்னால வாங்கோ" என்றார் ஒருவர்.

நஸார் கேட்கவில்லை. காமிலின் மகன் றிபாத்துக்குப் பின்னால் நுழைந்தார். றிபாத் வாப்பாவின் உயரம். சந்தூக்கின் கம்பு நஸாரின் தோளுக்கு மேலே அந்தரத்தில் போனது. கையை மட்டும் உயர்த்திப் பிடித்து நடந்தார்.

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. உடனே அது இருமலாக மாறியது. முகாமில் சின்னப் பிள்ளையாய் இருந்த யாரோ. நஸாருக்குக் கோபமும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. இன்றைக்கும் இவனைச் சுமக்காமல் சுமக்கிறேனே என்ற நினைப்பு, வேறு யாருடையதோ போல வந்து போனது.

சிரிப்புக் கேட்டு றிபாத் திரும்பிப் பார்த்தான். அந்தரத்தில் நின்ற கைகளைக் கண்டான்.

"மாமா, பிடிச்சுக்கொள்ளுங்கோ" என்று மெதுவாகச் சொல்லி, முழங்காலை மடித்து நடந்தான்.

கம்பு நஸாரின் தோளில் இறங்கியது. காமில் கனத்தான். பழகிய முழங்கால்கள் விழுவதற்குத் தாமாகவே தளர்ந்தன. நஸார் பல்லைக் கடித்து அவற்றை நிமிர்த்தினார்.

"இந்த முறை விழமாட்டன்டா" என்றார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது.

தோள் மாற்ற அடுத்தவர் வந்தார். நஸார் கொடுக்கவில்லை.