சுக்கானுக்குக் கறி பழக்கினேன்

அண்ணா நகரில் நான் வேலை பார்க்கும் நாய் மருத்துவமனையின் முன்னறையில் ஒரு பெரிய ஃப்ரீசர் இருக்கிறது. நாய்களுக்கென்றே பச்சைக் கறி, எலும்பு, ஈரல் எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் அடைத்து, எந்த எடை நாய்க்கு எவ்வளவு என்று சீட்டு ஒட்டி அதில் வைத்திருக்கிறோம். வாங்க வருகிறவர்களுக்கு ஆயிரம் கவலை. பச்சையாகவா போடுவது, வேகவைக்க வேண்டாமா, எலும்பு தொண்டையில் மாட்டாதா? டாக்டர் உள்ளே வேலையாக இருந்தால் நானே பதில் சொல்லிவிடுவேன். உனக்கு எப்படித் தெரியும் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லத் தயாராக இருக்கிறேன். மீன் தவிர வேறொன்றையும் மோந்துகூடப் பார்க்காத ஒரு நாயை, எனக்குப் பத்து வயது இருக்கும்போதே, கறி தின்ன வைத்தவள் நான். அதைப் புளியந்தோப்பில் நாலு பேர் பார்க்க நிரூபித்தும் காட்டியிருக்கிறேன். இந்தத் தற்பெருமை இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை, போகவும் வேண்டாம்.

அப்போது கல்மண்டபத்தில் இருந்தோம். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போய்வருவார். அம்மா பழைய வண்ணாரப்பேட்டையில் கூடை வைத்து மீன் விற்பாள். எனக்கு அடுத்து ஒரு தம்பி. இவர்களைத் தவிர, மீன் ஏலம் நடக்கும் இடத்திலிருந்து நைனாவின் பின்னாலேயே வந்து எங்கள் வாசலோடு தங்கிவிட்ட ஒரு செவலை நாய். அது நடக்கும்போது வால் போகிற பக்கம்தான் உடம்பும் போகும். அதனால் படகைத் திருப்புகிற சுக்கானின் பெயரையே நைனா அதற்கு வைத்துவிட்டார். சூடை, காரப்பொடி மாதிரிப் பொடிமீன்கள், யாரும் வாங்காத நசுங்கல் மீன் என்று பச்சையாகத் தின்றே வளர்ந்த நாய் அது. எங்கள் வீட்டில் சோறு இல்லாத நாள் உண்டு, சுக்கானுக்கு மீன் இல்லாத நாள் கிடையாது.

ஏப்ரல் நடுவில் தடைக்காலம் தொடங்கியது. மீன் முட்டையிடுகிற காலம் என்று விசைப்படகுகளைக் கடலுக்குள் விடமாட்டார்கள். அப்போதெல்லாம் நாற்பத்தைந்து நாள். நைனா வலையின் கிழிசல்களைத் தைக்க உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் கூடை சுவரோரம் கவிழ்ந்து கிடந்தது. முதல் இரண்டு வாரம் எப்படியோ போனது. பிறகு ஒரு நாள் விடியற்காலையில் அம்மா ஒரு பையை எடுத்துக்கொண்டு புளியந்தோப்புக்கு நடந்து போய், ஆட்டெலும்பு கொண்டுவந்தாள்.

சுக்கானுக்கு மீன் கிடைப்பதில்லை, பாவம், அதற்காக வாங்கி வந்தேன் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருவில் எந்த நாய்க்கு இப்படி ஒரு மரியாதை நடக்கிறது? பையைக் கொட்டி அம்மா பிரிப்பாள். கறி ஒட்டிய துண்டுகளைத் தனியாக எடுத்து, இதெல்லாம் நாய்க்கு ஒத்துக்காது என்று சொல்லிக் கழுவிச் சட்டியில் போட்டு, மிளகு தட்டிச் சாறு வைப்பாள். ஒன்றும் ஒட்டாத எலும்பு சுக்கானுக்குப் போகும். அதை அது கவ்விக்கொண்டு எங்கோ போய்விடும். தின்கிறது என்றே நான் நினைத்தேன். நாய்க்கு ஆகாததை வீணாக்காமல் நாம் சாப்பிடுகிறோம், அம்மாதான் எவ்வளவு சிக்கனம் என்றும் நினைத்தேன்.

கல்மண்டபத்திலேயே கறிக்கடைகள் உண்டு. வண்ணாரப்பேட்டையிலும் உண்டு. அம்மாவைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் யாரும் இல்லை. புளியந்தோப்பில் யாருக்கும் தெரியாது. அவ்வளவு தூரம் ஏன் நடக்கிறாய் என்று நான் கேட்டதற்கு, அங்கேதான் எலும்பு நல்லா இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.

பள்ளிக்கூடம் விடுமுறை விட்டதும் நானும் வருவேன் என்று அடம் பிடித்துக் கூடப் போனேன். கடைக்கார பாய் அகலமான முகமும் வெற்றிலைச் சிவப்பு உதடும் உள்ள மனிதர். அம்மா கொஞ்சம் தள்ளி நின்று, கூட்டம் குறைந்த பிறகு, "நாய்க்கு எலும்பு குடுங்க பாய்" என்பாள். நாய்க்கு என்றால் சும்மா கொடுப்பார். மனிதர்களுக்கு என்றால் தராசில் வைப்பார். அவர் கடைவாசலில் மொத்தமான இரண்டு நாய்கள் படுத்திருக்கும். ஒன்று எலும்பைக் கடிக்கும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒரே எண்ணம்தான் ஓடியது. எங்கள் சுக்கானை இவர்கள் ஒருநாள் பார்க்க வேண்டும்.

அடுத்த தடவை பாவாடையின் இடுப்பு மடிப்பில் ஒரு கருவாட்டுத் துண்டைச் செருகிக்கொண்டேன். அம்மா முன்னால் நடக்க, நான் பின்னால் நடக்க, கருவாட்டு வாசனையைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் சுக்கான். பேசின் பிரிட்ஜ் தாண்டும்போதுதான் அம்மா திரும்பிப் பார்த்தாள். கல்லை எடுத்து ஓங்கினாள், விரட்டினாள். அது பத்தடி போய் நின்றுவிட்டு மறுபடி வந்தது. அம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன்.

கடையில் போய் நின்றதும் அம்மா கேட்பதற்கு முன்னாலேயே நான், "பாய், இதான் எங்க நாயி!" என்று கத்திவிட்டேன்.

பாய் எட்டிப் பார்த்துச் சிரித்தார். கறியோடு ஒரு நெஞ்செலும்பைத் தறித்துச் சுக்கானின் முன்னால் போட்டார். எல்லோரும் பார்த்தார்கள். சுக்கான் மோந்து பார்த்தது. ஒரு தும்மல் போட்டது. பிறகு எலும்பைத் தாண்டி வந்து என் இடுப்பு மடிப்பில் மூக்கை வைத்தது. கடை நாய்களில் ஒன்று எழுந்து வந்து அந்த நெஞ்செலும்பை எடுத்துக்கொண்டு போனது.

கறி வாங்க நின்றிருந்த ஒரு அம்மாள் சத்தமாகச் சிரித்தாள். "நாய்க்கு நாய்க்குன்னு டெய்லி வாங்கிகினு போறா. இந்த நாயி மோந்துகூட பாக்கலியே. அப்ப இத்தினி நாளா யாரு துன்னது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பிடித்திருந்தவள் அதை இறுக்கினாள், எனக்கு எலும்பே நொறுங்கும்போல் வலித்தது. கருவாட்டுத் திருட்டைக் கண்டுபிடித்துவிட்டாள், வீட்டுக்குப் போனால் செமத்தியாக இருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "இன்னாமா நீ, அது கடக்கர நாயி. மீனு துன்னு வளந்தது. கறி வாசன அதுக்கு புச்சா கீது. பழக்காம இன்னா செய்யும்?" என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் குனிந்தார். "ஏ பாப்பா, உன் நாய நீதான் பழக்கணும். நா சொல்றாப்புல செய்வியா?"

செய்வேன் என்றேன்.

அவர் விரல் விட்டு எண்ணிச் சொன்னார். பச்சையாகத்தான் போட வேண்டும். வேகவைத்த எலும்பு சிலாம்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழித்துவிடும். முதலில் கறி, அப்புறம் இளம் எலும்பு, அப்புறம்தான் கழுத்தெலும்பு. ஈரல் துளியூண்டு, அதற்கு மேல் போனால் வயிற்றாலே போகும். இதைத்தான் இன்று டப்பாவில் சீட்டாக ஒட்டுகிறோம், ஒரு எழுத்து மாறவில்லை.

"பழக்கற நாய்க்கு மொட்ட எலும்பு ஆவாது பாப்பா. கறி ஒட்டிகினு கீறதுதான் வோணும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்து வாங்கிகினு போ. சும்மா இல்ல, ஆமா. படகு கடல்ல எறங்கறதுக்குள்ள என் கண்ணு முன்னால அது துன்னு காட்டணும்" என்றார். பையில் அன்று விழுந்தது எலும்பு மாதிரியே இல்லை, கறி மாதிரி இருந்தது. நாங்கள் யார், எங்கிருந்து வருகிறோம் என்று அம்மா அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை. படகு இறங்குகிற கணக்கு அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கிற வயதில் நான் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "இனிமே அங்க போவ வாணாம்" என்று சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எனக்கு அழுகை பொங்கிவிட்டது. போகாவிட்டால் நாங்கள் தோற்றுப்போனதாக ஆகிவிடுமே! நைனாவிடம் ஓடிப்போய் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அந்த அம்மாள் சொன்னதையும் சொன்னேன். அவர் வலையிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அவுரு நமக்கு ஒண்ணும் சும்மா குடுக்கலியே. பாப்பாக்கு ஒரு வேல குடுத்துகீறாரு. பாப்பா வேலய முடிக்கட்டும்" என்றார். ஒரு நாள் விட்டு மறுநாள் விடியற்காலையில் அம்மா பையை எடுத்து உதறினாள்.

அதன்பிறகு நான் ஒரு வாத்தியார் ஆகிவிட்டேன். முதல் நாள் கறித்துண்டு முழுக்கக் கருவாட்டைத் தேய்த்துப் போட்டேன். சுக்கான் நக்கி நக்கிக் கருவாட்டு ருசியை எடுத்துக்கொண்டு கறியை அப்படியே விட்டுவிட்டது. நான் விடுகிறவளா? கறியைப் பொடியாக நறுக்கி, கருவாட்டுத் தூளில் பிசைந்து வைத்தேன். பிரிக்கத் தெரியாமல் விழுங்கியது. ஒவ்வொரு தடவையும் கருவாட்டைக் குறைத்தேன், துண்டைப் பெரிதாக்கினேன். இரண்டாவது வாரம் இளம் எலும்பு ஒன்று அதன் கடைவாயில் நறுக்கென்று உடைந்த சத்தம் கேட்டபோது நான் தெருவில் குதித்த குதி இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வாத்தியார் வேலையோடு காவல் வேலையும் சேர்ந்துகொண்டது. அம்மா பையைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே குந்திக்கொள்வேன். அவள் கை சட்டிப் பக்கம் போனால், "அது சுக்கானோடது" என்று தடுப்பேன். ஒரு துண்டுக்காக எங்களுக்குள் பேரம் நடக்கும். ஒருநாள் தம்பிக்கென்று அவள் எடுத்து வைத்திருந்த நல்ல கறித்துண்டு இரண்டைச் சட்டியில் போடுவதற்குள் நான் பிடுங்கிக்கொண்டு ஓடி நாய்க்குப் போட்டுவிட்டேன். அம்மா திட்டவில்லை, அடிக்கவும் இல்லை. மிச்சமிருந்த இரண்டில் ஒன்றைத் தம்பி தட்டிலும் இன்னொன்றை என் தட்டிலும் வைத்துவிட்டு, தனக்குப் பசியில்லை என்று வெறும் சாற்றை ஊற்றிக் குடித்தாள். என் துண்டை நான் முழுசாகத் தின்றேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தடை முடிய இரண்டு நாள் இருக்கும்போது சுக்கானைக் கூட்டிக்கொண்டு போனோம். இந்தத் தடவை அம்மா அதை விரட்டவில்லை. அதற்குள் அதன் உடம்பு பளபளவென்று ஆகியிருந்தது. அந்தச் சிரித்த அம்மாளும் அன்று கடையில் நின்றிருந்தாள். பாய் ஒரு கழுத்தெலும்பை எடுத்தார். கடை நாய்களை ஒரு அதட்டில் உட்கார வைத்துவிட்டு, எலும்பைச் சுக்கானின் முன்னால் போட்டார்.

சுக்கான் மோந்து பார்த்தது. என்னைப் பார்த்தது. என்னிடம் அன்று கருவாடு இல்லை. பிறகு தலையைச் சாய்த்து எலும்பைக் கடைவாயில் கொடுத்து ஒரே கடி. அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு அது தின்றதைக் கடையே வேலையை விட்டு நின்று பார்த்தது.

"பாத்துக்கமா. நாய்க்குத்தான்" என்றார் பாய், அந்த அம்மாளைப் பார்த்து.

அம்மா தலையை நிமிர்த்தினாள். அந்தக் கடையில் அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கூட்டம் குறையக் காத்திருக்கவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி, "ஆமா பாய், நாய்க்குத்தான்" என்றாள். குரல் கொஞ்சம் நடுங்கியது. பாய் என் தலையில் கையை வைத்து, "கில்லாடி பாப்பாமா இது" என்றார். அம்மா நிமிர்ந்ததும் குரல் நடுங்கியதும் என்னால்தான் என்று நான் நெஞ்சை விடைத்துக்கொண்டு வந்தேன்.

படகுகள் கடலுக்குப் போய் முதல் பாடு மீனோடு திரும்பின. நைனா கொண்டுவந்த மீனில் கை நீளத்துக்கு ஒரு வஞ்சிரம் இருந்தது. அம்மா அதை விற்கவில்லை, வீட்டுக்கும் நறுக்கவில்லை. ஐஸ் போட்டுச் சுற்றிக் கூடையில் வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு புளியந்தோப்புக்கு நடந்தாள்.

"இன்னாமா இது?" என்றார் பாய்.

"உங்க வூட்டு பூனைக்கு பாய்" என்றாள் அம்மா.

பாய் மீனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டால் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ரொம்ப நாளா மீனு மீனுன்னு கத்திகினு கெடந்துச்சு. அது நல்லா துன்னும்மா" என்றார்.

நான் கடைக்குள்ளே எட்டிப் பார்த்தேன். மேசைக்கு அடியிலும் பார்த்தேன். தெருவுக்கு வந்ததும் அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "அவுராண்ட பூனையே கெடியாதும்மா. ரெண்டு நாயி கீற எடத்துல பூன எப்டி இருக்கும்? உன்ன ஏமாத்திட்டாரு."

அம்மா சிரிக்க ஆரம்பித்தாள். நடுத்தெருவில் நின்று, காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். தடை தொடங்கியதிலிருந்து அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கோ ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு நாயைப் பழக்க நான் எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன், இவள் என்னடாவென்றால் அவ்வளவு பெரிய வஞ்சிரத்தை இல்லாத பூனைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு நிற்கிறாளே! வீடு வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.