ஜீப் டிரைவரின் லேகியம்

கம்பம்மெட்டு மலைப்பாதையில் அந்த ஜீப் பறந்தது. ஏலக்காய்த் தோட்டத்தில் எனக்கு அன்றுதான் முதல் நாள் வேலை. முன்சீட்டில் உட்கார்ந்து உற்சாகத்தில் கத்திக்கொண்டே போனேன். பின்னால் காய் எடுக்கப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

டிரைவருக்கு ஒல்லி உடம்பு, சிவந்த கண்கள். ஒவ்வொரு வளைவு தாண்டியதும் டப்பாவிலிருந்து கறுப்பு லேகியத்தை விரலால் வழித்து நக்கிக்கொள்வார்.

"என்னண்ணே அது?"

"மூலிகை தம்பி. தூக்கமே வராது. இலைதழைதான, என்ன செஞ்சிரும்?"

பாதி மலையில் டப்பா காலியானது. கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கை நடுங்கி, வியர்த்துக் கொட்டியது. வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்தது. பெண்கள் அலறினார்கள். எப்படியோ பிரேக்கை மிதித்து ஓரங்கட்டினார்.

"எல்லாரும் எறங்குங்க ஆத்தா. அது இல்லாம என்னால ஓட்ட முடியல. இனி அதத் தின்னுட்டும் ஓட்ட மாட்டேன்."

"இன்னைக்குக் கூலி போச்சே, பாவி!" என்று ஒருத்தி கத்தினாள்.

அந்த நேரம் பின்னால் வந்த ஜீப்பின் டிரைவர் இறங்கி, "இந்தாண்ணே, எங்கிட்ட இருக்கு" என்று தன் டப்பாவை நீட்டினார். எங்கள் டிரைவர் நடுங்கும் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டார்.

திட்டியவளே அந்த டப்பாவைப் பார்த்துவிட்டு, "இவன் வண்டியும் வேணாம்டி, நடந்தே போயிருவோம்" என்றாள். எல்லோரும் சிரித்துக்கொண்டே மலையேறினோம்.

வளைவில் திரும்பிப் பார்த்தேன். அந்தக் கைகளை அவர் இன்னும் பிரிக்கவில்லை.